தண்ணீரைத் திறந்துவிடுகிறவள்

மல்லாங்கிணறு போகிற ரோட்டில் எங்கள் எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது. அதன் வாசலில் பகல் காவல் பார்க்கிறவன் நான். உள்ளே போகிற ஆட்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்து, வேலை முடிந்து போகும்போது அவரவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தீப்பெட்டி செய்து பிழைக்கிற சீமையில் தீப்பெட்டியைப் பறிக்கிற வேலையை ஆண்டவர் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொள்வதுண்டு.

கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இரண்டு குழாய்கள் கண்ணில் படும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெருமுனையில் இருப்பது பஞ்சாயத்துக் குழாய். அதில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று பஞ்சாயத்துக்கே தெரியாது. அதனால் அங்கே ஆட்கள் நிற்க மாட்டார்கள், குடங்கள்தான் நிற்கும். கழுத்தில் கிழிந்த துணியோ பழைய வளையலோ கட்டி அடையாளம் வைத்த பிளாஸ்டிக் குடங்கள், குழாயடியில் ஆரம்பித்து வேப்பமரம் வரைக்கும் வரிசையாக நிற்கும். குடம் நிற்கிற இடம்தான் அந்த வீட்டுக்காரியின் இடம். அதை இன்னொருத்தி தொட மாட்டாள். சண்டை போட்டு முகத்தில் முழிக்காமல் இருக்கிறவர்களின் குடங்கள்கூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் மதிலில் இருந்து ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் அதிலிருந்து தண்ணீர் கொட்டி ஓடைக்குப் போகும். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வேலை பொன்னுத்தங்கத்துக்கு. அவள் வீடு எதிர்த்த தெருவில்தான். அவளுடைய குடமும் அந்த வரிசையில்தான் நின்றது.

அவள் புருஷன் சோலைமலை எங்கள் கம்பெனியில் பம்ப் ஓட்டினார். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று திண்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. முதலாளி இரக்கப்பட்டு அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார். கூலிங் டவர் என்று உள்ளே ஒன்று இருக்கிறது. மரச்சட்டம் அடித்த உயரமான கூண்டு. உச்சியில் பெரிய காற்றாடி சுற்றும். சுடுதண்ணீர் மேலேயிருந்து மழை மாதிரி விழுந்து ஆறி, கீழே தொட்டியில் சேரும். குறைகிறதற்குப் போர்வெல் தண்ணீர் சேர்ப்பார்கள். அந்த டவரையும் அதன் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனி வேலை என்னவென்றால், செக்கில் ஆட்டிய பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருக்கும். அதை எடுக்க சால்வெண்ட் என்று ஒன்றை ஊற்றுவார்கள். பெட்ரோல் மாதிரி வாடை, பெட்ரோல் மாதிரியே பற்றிக்கொள்ளும். எண்ணெய் இறங்கியதும் சால்வெண்டை ஆவியாக்கிப் பிரித்து, கண்டென்சர் என்கிற இரும்பு உருளைக்குள் விடுவார்கள். உருளைக்குள் நிறையக் குழாய்கள். குழாய்களுக்குள்ளே டவர்த் தண்ணீர் குளுகுளுவென்று ஓடும். அந்தக் குளிர்ச்சியில் ஆவி திரும்பவும் சால்வெண்டாகிக் கீழே வடியும். குளிர்ச்சி போதாவிட்டால் ஆவி அடங்காமல் வெளியே வந்துவிடும். தீப்பெட்டியை நான் வாங்கி வைக்கிறது அதனால்தான்.

தண்ணீரைச் சோதிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் செழியன் சார். கம்பெனியின் கெமிஸ்ட், சின்ன வயசு, மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளை. கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ரூமில்தான் அவருடைய பாட்டில்கள் எல்லாம் இருக்கும் என்பதால் நானும் காதில் வாங்கிக்கொள்வேன்.

"வீட்ல வெந்நீர்ப் பானை அடியில வெள்ளையா ஒட்டுதுல்ல, அதேதாம்மா இங்கயும்" என்றார். "தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. டவர்ல சுத்தச் சுத்த உப்பு ஏறிக்கிட்டே இருக்கும். கொஞ்சத்தை வெளிய விட்டுட்டுப் புதுத் தண்ணி சேக்கணும்."

"விடலைன்னா?"

"கண்டென்சர் குழாய்க்குள்ள கல்லா படிஞ்சிரும். ஸ்கேல்னு சொல்லுவோம்."

"அதான் மருந்து ஊத்துதோமே சார்."

"மருந்து ஊத்தினா ஒட்டுறது குறையும். ஒரு அளவுக்கு மேல உப்பு ஏறிட்டா மருந்தும் கைவிட்டுரும்மா."

ஒரு கண்ணாடிக் குடுவையில் டவர்த் தண்ணீரைப் பிடித்து, ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டால் செந்நிறமாகும். பிறகு இன்னொரு பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். செந்நிறம் நீலமாக மாறுகிறவரைக்கும் எத்தனை சொட்டு என்று பார்க்க வேண்டும். சொட்டு கூடினால் உப்பு கூடியிருக்கிறது. பொன்னுத்தங்கத்துக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. நீலமாகிறபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கோலம் போட்டு முடித்தவள் மாதிரி நிமிர்ந்து பார்ப்பாள்.

அவளுக்கு வராதது வால்வைத் திறக்கிறதுதான். திறப்பாள். தண்ணீர் ஓடையில் விழுகிற சத்தம் கேட்டதும் மூடிவிடுவாள்.

"என்ன தாயி, அதுக்குள்ள மூடிட்ட?" என்று கேட்டேன்.

"கை வர மாட்டேங்குது அண்ணாச்சி. பிறந்ததுல இருந்து தண்ணி சுமந்த இடுப்பு இது. தண்ணியக் கீழ கொட்டுனா பாவம் பண்ணுத மாதிரி இருக்கு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் படும். அரிசி களைந்த தண்ணீரை முருங்கைக்கும், முகம் கழுவிய தண்ணீரைச் செடிக்கும் ஊற்றி வளர்ந்த ஆட்கள் நாங்கள்.

செழியன் சார் கல்யாணத்துக்கென்று லீவில் போயிருந்த சமயம் அது. அவள் ஒரு நாளும் சோதனையை விடவில்லை. சொட்டு கூடிக்கொண்டே போனது. அவள் வால்வைக் கூடுதலாகத் திறப்பதற்குப் பதிலாக மருந்தைக் கூடுதலாக ஊற்றினாள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம், கம்பெனிக்கும் நல்லதுதானே என்று நினைத்தாள்.

ஒரு மத்தியானம் கேட்டுவரைக்கும் வாடை வந்தது. உள்ளே விசில் ஊதினார்கள். நீராவியை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். கண்டென்சர் இருக்கிற மேல்தளத்தில் வேலை செய்த ரத்தினசாமியை மட்டும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆவியை மூச்சில் இழுத்துவிட்டான். தலை கிறுகிறுத்து, வாந்தி எடுத்து, காவல் கொட்டகைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் கிடந்தான். அவன் சோலைமலையின் சித்தப்பா மகன், பொன்னுத்தங்கத்துக்குக் கொழுந்தன் முறை. அதே தெருதான். அவள் ஓடி வந்து அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பாதித் தண்ணீர் அவள் சேலையிலேயே விழுந்தது.

கண் முழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மதினி, வீட்டுல சொல்லிராதீக."

அவன் பெண்டாட்டி சொர்ணலட்சுமி, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தன் தம்பியைப் பறிகொடுத்தவள். ரத்தினசாமியும் அங்கேதான் வேலை பார்த்தான். தம்பி போன பிறகு அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு, நெருப்புக்குப் பக்கத்தில் இனி நிற்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அதனால் இங்கே வந்தான். வந்தவன் குடோனில் மூட்டை அடுக்குகிறதாகவே வீட்டில் சொல்லியிருந்தான். மேல்தளத்தில் நிற்பது அவளுக்குத் தெரியாது. அங்கே மற்றவர்கள் எல்லாம் வெளியூர் ஆட்கள், தெருவில் போய்ச் சொல்ல யாரும் இல்லை.

"சொல்ல மாட்டேன்யா" என்றாள் பொன்னுத்தங்கம். "என்னைக்கும் சொல்ல மாட்டேன். கண்ண மூடிப் படு."

தூக்கி வந்தவர்கள் ரோட்டுப் பக்கம் தள்ளிப் போயிருந்தார்கள், இதைக் கேட்டது நாங்கள் மூன்று பேர்தான். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் செழியன் சார் அரக்கப்பரக்க வந்து கண்டென்சரைத் திறந்தார். கட்டைவிரல் போகிற குழாய்களில் பென்சில்கூட நுழையவில்லை. உள்ளே வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புக்கல் மாதிரி அடைத்திருந்தது. கம்பியை விட்டு இடித்ததும் ஒரு சில்லு கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறல் விழவில்லை.

"தண்ணிய மிச்சம் பிடிச்சீங்களாம்மா?" என்று செழியன் சார் கேட்டார்.

"ஆமா சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க மேல கோபப்பட என்னால முடியல. ஆனா இனிமே இது வேண்டாம்மா" என்றார்.

ஆசிட் விட்டுச் சுத்தம் பண்ணி, கம்பெனி திரும்ப ஓடத் தொடங்கிய நாளில் இருந்து அவள் வால்வை முழுசாகத் திறந்தாள். சொட்டுக் கணக்கு சொல்கிற அளவுக்குத் தண்ணீர் போகும்வரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள். ஆனால் அது கொட்டுகிற பக்கம் பார்க்க மாட்டாள். மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டவரைப் பார்த்தபடி நிற்பாள்.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் வானம் கைவிட்ட வருஷம். மானாவாரிக் காடெல்லாம் வெடித்துக் கிடந்தது. பஞ்சாயத்துக் குழாயில் காற்றுதான் வந்தது. குடங்கள் வெயிலில் நிறம் வெளுத்துப் போகிற அளவுக்கு நின்றன. அந்தக் குடங்களுக்கு எதிரிலேயே எங்கள் மதில் குழாயில் தண்ணீர் கொட்டியது.

தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு நிற்கிற பெண்கள் என் காதில் விழும்படியே பேசுவார்கள்.

"வாய் நனைக்கத் தண்ணி இல்ல, இவ ரோட்டக் கழுவுதா."

"அவளுக்கு என்ன, தண்ணி மகராசி. ராத்திரி பன்னீர்ல குளிப்பா போல."

"புருசன் இருந்தப்பவும் இந்தக் குழாய்ல தண்ணி வந்துச்சு. இம்புட்டா வந்துச்சு?"

பொன்னுத்தங்கம் அதைக் கேட்டுக்கொண்டே கேட்டுக்குள் நுழைவாள். எனக்கு வணக்கம் சொல்வது மட்டும் மாறாது.

ஒரு நாள் சொர்ணலட்சுமியும் இன்னும் சில பெண்களும் ஓடையில் இறங்கி, அந்தத் தண்ணீரை மொண்டு துணி துவைக்க ஆரம்பித்தார்கள். பொன்னுத்தங்கம் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"ஏத்தா, வேண்டாம்த்தா. அதுல மருந்து கிடக்கு. பிள்ளைக கிள்ளைக குடிச்சிரப் போகுது."

"குடிக்கவா எடுக்கோம்? துணிக்குத்தான எடுக்கோம்" என்றாள் சொர்ணலட்சுமி. "நீங்க போயி உங்க டவரப் பாருங்கக்கா. ஓடையில போற தண்ணிக்கும் காவலா?"

அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போனார்கள். காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. உப்புத் தண்ணீருக்கு அது இயல்பு. ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. நாம் எடுத்துவிடக் கூடாது என்றே இவள் மருந்தை அள்ளிக் கொட்டியிருக்கிறாள் என்றார்கள். பிள்ளைகள் ஓடையில் இறங்குமே என்ற பயத்தில் அவள் செழியன் சாரிடம் சொன்னாள். கம்பெனி மறுநாளே ஓடை ஓரத்தில் முள்வேலி போட்டது. அதோடு முடிந்தது.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்தபோது அவள் குடம் வரிசையில் இல்லை. வேப்பமரத்துக்கும் அப்பால், தனியாக உருண்டு கிடந்தது. அவள் போய் எடுத்து, கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அடுத்த முறையும் அப்படியே. யார் நகர்த்தியது என்று யாரையும் அவள் கேட்கவில்லை.

"என் குடத்துக்கு மட்டும் கால் முளைச்சிருச்சு அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

குடிக்கிற தண்ணீர் கம்பெனிக்கு லாரியில் வரும். செழியன் சாரிடம் கேட்டு, சாயங்காலம் ஒரு குடம் அதிலிருந்து அவள் எடுத்துப்போக ஏற்பாடு செய்தோம். தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பெண் தெருக்குழாய்க்குப் போவது தண்ணீருக்காக மட்டும்தானா? யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு மாசம், யார் மகள் சடங்கு, எல்லாம் அங்கேதானே பேசுகிறார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இறந்தது சங்கு ஊதின பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்பெனி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து டவர் நிழலில் உட்கார்ந்திருப்பாள். நான் ஆராதனை முடிந்து மத்தியானம் வரும்போது அவள் அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள்.

"லீவு நாள்ல என்ன தாயி?"

"வீட்டுல என்ன செய்ய? செவுரு என்ன பேசவா போகுது? இங்கனயாவது குருவி வந்து தண்ணி குடிக்கும்."

அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். காலையில் நான் பெயர் சொல்லி ஜெபிக்கிற ஆட்களில் அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

பங்குனியில் தெரு மாரியம்மனுக்குப் பொங்கல் வந்தது. சொந்தபந்தம் வரும், வீடு கழுவ வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும். தண்ணீர் இல்லை. ஒரு காலை நேரம் பெண்கள் கூட்டமாக எங்கள் கேட்டுக்கு வந்து பொன்னுத்தங்கத்தைக் கூப்பிடச் சொன்னார்கள். அவள் வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தெரு அவளைத் தேடி வந்து எத்தனையோ காலமாயிற்று.

சொர்ணலட்சுமிதான் பேசினாள். "யக்கா, சண்டைக்கு வரலை. கேட்டுப் போக வந்திருக்கோம். உங்க கம்பெனி போர்த் தண்ணி உப்பா இருந்தாலும் மருந்து இல்லாத தண்ணி. அது குளிக்க, வீடு கழுவ ஆகும். போர்ல நூல் கணக்காத்தான் ஊறுது, அம்புட்டையும் டவருதான் குடிக்குதுன்னு எலக்ட்ரீசியன் சொன்னான். நீங்க வால்வத் திறந்து கொட்டலைன்னா அது மிஞ்சுமாம்ல?"

"மிஞ்சும்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"பொங்கல் முடியிற மட்டும் திறக்காதீக. மிஞ்சுத தண்ணிய ஹோஸ் போட்டு எங்களுக்கு விடுங்க. அந்த மெட்ராஸ்காரப் பையன் ஊர்ல இல்ல, யாருக்குத் தெரியப் போகுது? அம்மன் காரியம்கா."

பின்னால் நின்ற ஒருத்தி, "உங்க குடத்தப் பழைய இடத்துலயே வச்சிருதோம் மதினி. இனிமே யாரும் தொட மாட்டாக" என்றாள்.

பொன்னுத்தங்கம் ரோட்டைத் தாண்டி அந்தக் குடங்களைப் பார்த்தாள். அவள் சம்மதித்துவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு மனுஷி ஆசைப்படக்கூடியது அதைவிட என்ன? அந்த நேரம் பார்த்து ரத்தினசாமி ராத்திரி ஷிப்ட் முடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வெளியே வந்தான். பெண்டாட்டியைக் கண்டதும் நின்றான்.

"முடியாதுத்தா" என்றாள் பொன்னுத்தங்கம்.

"ஏன் முடியாது?"

"உப்பு ஏறிப்போச்சுன்னா குழாய் அடைச்சிரும். அடைச்சா உள்ள ஆவி அடங்காது. மேல வேலை பாக்குத ஆளுகளுக்கு ஆகாது."

"ரெண்டு மூணு நாள்ல அடைச்சிருமாக்கும். மேல வேலை பாக்குதவன் பொண்டாட்டிகளே கேக்கலை, உங்களுக்கு என்னக்கா அம்புட்டுக் கவலை?"

நான் ரத்தினசாமியைப் பார்த்தேன். அவன் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பொறுக்காமல் நான் வாயைத் திறக்கப் போனேன். பொன்னுத்தங்கம் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, கேட்டச் சாத்துங்க, லோடு லாரி வருது" என்றாள். ரோட்டில் லாரி எதுவும் வரவில்லை. எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"ஏற்கனவே உப்பு கூடித்தான் நிக்கிது" என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "போர் வத்த வத்த அந்தத் தண்ணியும் உப்பாத்தான் வருது. ஒரு தடவ இப்படி மூடி வச்சு என்னாச்சுன்னு நான் பாத்திருக்கேன். இன்னொரு தடவ பாக்க என்னால முடியாது. வேற என்ன செய்யணும்னாலும் சொல்லுங்க, செய்யுதேன்."

"வேற என்ன செய்வீக, கண்ணீரு விடுவீகளா? அதுவும் உப்புத்தான்" என்றாள் சொர்ணலட்சுமி. பெண்கள் சிரித்தார்கள். கூட்டம் ரோட்டைத் தாண்டிப் போயிற்று. ரத்தினசாமி சைக்கிளில் ஏறி, அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டான்.

பொன்னுத்தங்கம் உள்ளே போய் வால்வைத் திறந்தாள். சத்தம் கேட்டது.

அன்றைக்கே அவள் ஆபீஸுக்குப் போய், செழியன் சாருக்குப் போன் போடச் சொல்லிக் கேட்டாள். அவர் முதலாளியிடம் பேசினார். பொங்கலுக்கு முந்தின நாள் கோயில் வாசலில் கம்பெனிச் செலவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. முதலாளிக்கு மாலை போட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். முதலாளி தங்கமான மனுஷன், கொடுக்கத் தெரிந்தவர், இடையில் இருக்கிறவளுக்குத்தான் மனசில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். லாரி எப்படி வந்தது என்று பொன்னுத்தங்கம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் செழியன் சார் சொல்லித்தான் தெரியும்.

பொங்கல் அன்று காலை, வேலைக்கு வருகிற வழியில், அவள் வேப்பமரத்துக்குப் போனாள். தன் குடத்தை எடுத்தாள். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, குடத்தைத் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த வரிசையில் அவள் குடம் நிற்கவே இல்லை. நகர்த்துவதற்கும் யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பின்னால் வருஷங்கள் ஓடிவிட்டன. கண்டென்சரைத் திறக்கிற போதெல்லாம் குழாய்கள் சுத்தமாக இருக்கும். ரத்தினசாமி மேல்தளத்திலேயே இருந்தான். கேட்டில் மதினியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். அவளாகத்தான், "பிள்ளைக படிக்கா?" என்று ஏதாவது கேட்பாள். அவன் "ம்" என்பான்.

பிறகு ஆற்றுத் தண்ணீர்த் திட்டம் எங்கள் பக்கம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். பஞ்சாயத்துக் குழாயின் தலையை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். குடங்கள் எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டன. இனி வரிசையும் இல்லை, வரிசையில் இடமும் இல்லை. வந்து சேர்ந்துகொள் என்று அவளைக் கூப்பிட ஒரு இடம் மிச்சமில்லை. தண்ணீர் வருகிற நேரத்தில் தெரு வெறிச்சென்று கிடக்கும். அவரவர் வீட்டுக்குள் குடம் நிறைகிற சத்தம் மட்டும் கேட்கும். அவள் வீட்டிலும் கேட்கும். தெருப் பெண்களுக்கு அவள் மேல் பழைய கோபம்கூட இருந்ததாகத் தெரியவில்லை. அவளோடு பேசுகிற பழக்கம் விட்டுப் போயிற்று, அவ்வளவுதான். விட்ட பழக்கத்தை யார் முதலில் எடுப்பது?

இரண்டாயிரத்து ஒன்பதில் ரத்தினசாமி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போக முடிவு பண்ணினான். பனியன் கம்பெனியில் மகனுக்கும் வேலை கிடைத்திருந்தது. கணக்கு முடிக்க வந்தவன் என் கொட்டகையில் வந்து உட்கார்ந்தான்.

"வீட்டுல சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றான்.

"எதை?"

"எல்லாத்தையும். மேல நின்னது, மயங்கி விழுந்தது, மதினி சத்தியம் பண்ணுனது. போன வருசமே சொல்லிட்டேன்."

"சொர்ணலட்சுமி என்ன சொன்னா?"

"அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலை. மதினி வீட்டு வாசல்ல போயி நிப்பா, திரும்பி வந்துருவா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? எனக்கே மூஞ்சி இல்ல."

அவன் எழுந்து போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே தெருவில், பத்து வீடு தள்ளி, தெரிந்துகொண்டும் ஒரு வருஷம் வாசலோடு திரும்பியிருக்கிறாள். தெரியாமல் இருந்த வருஷங்களைவிட இது கொடுமை என்று நினைத்தேன்.

அவர்கள் புறப்படுகிற நாள் காலை, சாமான் எல்லாம் லாரியில் போயிருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சொர்ணலட்சுமி ரோட்டைத் தாண்டி எங்கள் கேட்டுக்கு வந்தாள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, அக்கா உள்ள இருக்காகளா?"

"இருக்கா. தண்ணி திறந்துவிடுத நேரம். இரு, கூப்பிடுதேன்."

"வேலையா இருப்பாகளே."

"இரும்மா. இந்தா வந்திருதேன்."

கேட்டை விட்டு நான் அசையக் கூடாது. அன்றைக்கு அசைந்தேன். கூப்பிட்டால் பம்ப் சத்தத்தில் கேட்காது என்று டவர்வரைக்கும் நடந்தே போனேன். ஓட எனக்கு வயசில்லை. பொன்னுத்தங்கம் எப்போதும்போல மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தாண்டி வேகமாகப் போனாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

நான் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். கேட்டில் யாரும் இல்லை. பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. நேரத்துக்கு முந்தி வந்துவிட்டதோ, சொர்ணலட்சுமியால் அங்கே நிற்க முடியவில்லையோ, எனக்குத் தெரியாது. புழுதி அடங்குகிறவரைக்கும் பொன்னுத்தங்கம் விருதுநகர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா அண்ணாச்சி?"

"அக்கா உள்ள இருக்காகளான்னு கேட்டா."

"அக்கான்னா சொன்னா?"

"ஆமா தாயி."

"வேற?"

"வேலையா இருப்பாகளேன்னா."

"மெலிஞ்சுட்டாளா?" என்று கேட்டாள். பத்து வீடு தள்ளி இருந்தவளைப் பற்றி என்னிடம் கேட்டாள். முடி நரைத்திருந்தது, உடம்பு அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மதில் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

"திறந்தபடியே விட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.